கார் கண்ணாடியின் உட்புறப் பிசுக்கு: எங்கிருந்து வருகிறது, எப்படி முழுமையாக நீக்குவது

மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். சாலை ஒரு வளைவில் கிழக்கே திரும்பியதும், அப்போதுதான் எழுந்திருந்த சூரியன் நேர் எதிரே வந்தது. அந்த நொடியில் முன் கண்ணாடி முழுவதும் பாலை ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. பழக்கத்தில் வைப்பரைப் போட்டேன், தண்ணீரும் பீய்ச்சினேன். எதுவும் மாறவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனபோதுதான், இடது ஓரமாகப் பால் கேன்களை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போன பெரியவர் கண்ணில் பட்டார். அவருக்கும் என் காருக்கும் இடையே இரண்டு கார் நீளம்கூட இல்லை.

காரை ஓரங்கட்டிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெளிப்புறக் கண்ணாடியை முந்தைய நாள்தான் கழுவியிருந்தேன். விரலால் உட்புறத்தைத் தொட்டு இழுத்தேன். விரல் போன வழி மட்டும் தெளிவாகவும், இரு பக்கமும் புகைபடிந்ததுபோலவும் தெரிந்தது. மங்கல் முழுக்க உள்ளே இருந்திருக்கிறது. பகலில் கண் அதைத் தாண்டிப் பார்த்துப் பழகிவிடுகிறது. தாழ்ந்த வெயிலோ எதிர் வண்டியின் விளக்கோ சாய்வாக விழும்போதுதான் அந்தப் படலம் ஒளியைச் சிதறடித்துத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. அதாவது, பார்வை மிகவும் தேவைப்படும் நேரத்தில்.

அன்றிலிருந்து இந்த வேலையைப் பல முறை தவறாகச் செய்து, பிறகு சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டேன்.

இது தூசி அல்ல

பெரும்பாலானோர் தோற்றுப்போவது இங்கேதான். தூசி என்று நினைத்து ஈரத்துணியால் துடைக்கிறார்கள். படலம் நகர்ந்து கோடு கோடாகப் பரவுகிறது. இன்னும் அழுத்தித் துடைக்கிறார்கள், இன்னும் பரவுகிறது. காரணம், இது எண்ணெய்த் தன்மையுள்ளது. அந்த எண்ணெய் பெரும்பாலும் காரிலிருந்தே வருகிறது.

மொட்டை மாடியில் ஓடும் தண்ணீர்க் குழாயையும் காரின் இருக்கை உறையையும் நினைத்துப் பாருங்கள். இரண்டும் பிவிசிதான். குழாய் விறைப்பாக இருக்கிறது, உறை தோல்போல மடங்குகிறது. வேறுபாடு, உறையில் கலக்கப்படும் பிளாஸ்டிசைசர் என்னும் மென்மையாக்கி. அது பிளாஸ்டிக்கோடு ஒன்றிப்போய்விடுவதில்லை, உள்ளே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சூடேறினால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறுகிறது. டேஷ்போர்டு, கதவின் உட்பலகை, பசைகள், நுரைப் பஞ்சு எல்லாவற்றிலிருந்தும் இப்படி ஏதாவது வெளியேறிக்கொண்டே இருக்கும். புதுக் காரின் வாசனையில் இந்த ஆவிகளுக்கும் பங்கு உண்டு.

அமெரிக்காவின் அரிசோனாவில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸை எட்டியிருந்தது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நிழலில்லாத இடத்தில் நிறுத்திவிட்டு வந்து டேஷ்போர்டைத் தொட்டவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. பகலெல்லாம் மூடிய காருக்குள் நிறையும் ஆவி, மாலையில் கண்ணாடி மற்ற பாகங்களைவிட முதலில் குளிரும்போது அதன்மேல் படிகிறது. இட்லிப் பானை மூடியில் நீராவி படிவதும் இதே முறையில்தான். நீர் வடிந்து காய்ந்துவிடும், இது காயாது.

வாகனத் துறையினர் இதை நன்றாகவே அறிவார்கள். இதற்கென்று ஜெர்மனியின் டிஐஎன் 75201 என்ற தரச் சோதனையே இருக்கிறது. காரின் உட்புறத்துக்கான பொருளின் ஒரு துண்டை 100 டிகிரியில் மூன்று மணி நேரம் சூடாக்கி, அதன்மேல் 21 டிகிரியில் குளிர்வாக வைத்திருக்கும் கண்ணாடித் தகடு எவ்வளவு மங்குகிறது என்று அளக்கிறார்கள். ஆகவே உங்கள் கார் பழுதாகிவிட்டது என்றோ, நீங்கள் சுத்தமில்லாதவர் என்றோ எண்ண வேண்டாம். எல்லாக் காரிலும் இது நடக்கும். புதுக் காரில் முதல் கோடையில் அதிகமாக நடக்கும்.

இதோடு நாம் சேர்ப்பதும் உண்டு. டேஷ்போர்டு பளபளக்கப் பூசும் சிலிக்கான் பாலிஷ் முக்கியமான குற்றவாளி. வெயில் பட்டதும் அதன் ஒரு பகுதி கண்ணாடிக்குப் போகிறது. சிகரெட் புகை, ஏசி துவாரத்தில் மாட்டும் வாசனைத் திரவம், கண்ணாடியில் கை வைக்கும் பழக்கம் இவையும் சேரும். காருக்குள் ஏற்றும் ஊதுபத்தியும் சாம்பிராணியும்கூடப் புகையோடு எண்ணெய்ப் பசையைக் கொண்டுவந்து படியவைக்கின்றன. வண்டிக்குப் பூசை செய்வதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆயுத பூசைக்கு என் காருக்கும் சாம்பிராணி காட்டுகிறோம். நான்கு கதவுகளையும் திறந்து வைத்துக் காட்டிவிட்டு, மறுநாள் கண்ணாடியைத் துடைத்துவிடுகிறேன்.

முதலில், எந்த மங்கல் என்று பாருங்கள்

துணியை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் செலவழியுங்கள். உலர்ந்த, சுத்தமான விரலால் உட்புறத்தில் ஒரு கோடு இழுங்கள். கோடு நிலைத்து நின்று விரலில் லேசாகப் பிசுபிசுத்தால் அது நாம் பேசும் எண்ணெய்ப் படலம். விரலில் நீர் ஒட்டினால் அது வெறும் ஈர மூட்டம். ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றி, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பினால் சில நிமிடங்களில் மறையும். ஆனால் மழைக்காலத்தில் உங்கள் கண்ணாடி மட்டும் மற்ற கார்களைவிடச் சீக்கிரம் மூட்டம் போடுகிறது என்றால், அடியில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்குக் கண்ணாடியில் ஈரம் நுண்துளிகளாகப் பற்றிக்கொள்ளும்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஏசியை மிகக் குளிராக வைத்து முன் கண்ணாடியை நோக்கி ஊதவிட்டால், வெளிக்காற்றின் ஈரம் கண்ணாடியின் வெளிப்புறத்தில் படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. வைப்பரை ஒரு முறை போட்டால் போய்விடும், ஏசியின் குளிரையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். வெளியே வெள்ளை வட்டங்களாகத் தெரிவது ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரின் கறை. அது தனிக் கதை.

படலம் இனிப்பு வாசனையோடு இருந்தால் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

என்னென்ன வேண்டும்

திரவத்தைவிடத் துணிதான் முக்கியம். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. கடைகளில் விதவிதமான தெளிப்பான்களை வாங்கிவிட்டு, வண்டியைத் துடைக்கும் அதே பழைய மஞ்சள் துணியால் கண்ணாடியைத் துடைப்பவர்கள் ஏராளம். அந்தத் துணியில் ஏற்கெனவே பாலிஷ் ஊறியிருக்கும். அது எண்ணெயை எடுக்காது, எண்ணெயைப் பூசும்.

நான்கு மைக்ரோஃபைபர் துணிகள் வாங்குங்கள். பூந்துவாலைபோல மென்முடி நீண்டு நிற்பவை வேண்டாம், அவை பிசிறு விடும். முடி குறைந்த, கண்ணாடிக்கென்றே விற்கப்படும் நெருக்கமான நெசவுத் துணி நல்லது. புதுத் துணியை ஒரு முறை தனியாகத் துவைத்துக் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். துணி மென்மைக்காகச் சேர்க்கும் கண்டிஷனர் கூடவே கூடாது. அது இழைகளின்மேல் ஒரு பூச்சை விடுகிறது, அந்தப் பூச்சு கண்ணாடிக்கு வரும். மைக்ரோஃபைபர் கிடைக்காத இடத்தில் பல முறை துவைத்துக் கஞ்சி முழுவதும் போன பழைய பருத்தி வேட்டி நல்ல மாற்று. எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய வேட்டித் துண்டுகள்தான் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தன. செய்தித்தாள் பலரின் நம்பிக்கை. மினுக்குவதற்கு உதவும், எண்ணெயைக் கரைத்து எடுக்க உதவாது. மையும் கண்ணாடி ஓரத்து வெளிர்நிறத் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

திரவத்துக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடைகளிலும் மின்னணுப் பொருள் கடைகளிலும் கிடைக்கும். அதில் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி. 100 மில்லி, 100 மில்லி கலந்தால் ஒரு காருக்குத் தாராளம். காய்ச்சி வடித்த நீருக்கு அலைய வேண்டாம், பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் பேட்டரி தண்ணீர் என்று விற்பார்கள். கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள், அதே கடையில் பேட்டரி ஆசிடும் இருக்கும், அது கந்தக அமிலம். குழாய்த் தண்ணீரைக் கலந்தால் அதிலுள்ள உப்பு காய்ந்து புதுக் கறையைத் தரும்.

கைக்குத் தேய்க்கும் சானிடைசரை ஆல்கஹால்தானே என்று பயன்படுத்திப் பார்த்தேன். கண்ணாடி முன்பைவிட மோசமானது. கை வறண்டுபோகாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்க்கிறார்கள், உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கலவை முறையிலேயே அது இருக்கிறது. ஆல்கஹால் பறந்துவிடும், கிளிசரின் தங்கிவிடும்.

தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் எளிதில் தீப்பற்றக்கூடியதுதான். தூய நிலையில் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு அதன் ஆவி எழும். ஆகவே கதவுகளைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், பக்கத்தில் யாரும் புகைக்கக் கூடாது, மீந்த பாட்டிலைக் காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

துடைக்கும் முறை

காலையிலோ மாலையிலோ, நிழலில், கண்ணாடி தொட்டால் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். சூடான கண்ணாடியில் திரவம் எண்ணெயைக் கரைப்பதற்குள் ஆவியாகிவிடும், கரைந்த கொஞ்சமும் கோடாக உறைந்துவிடும்.

முதலில் டேஷ்போர்டைத் துடையுங்கள். இதைக் கடைசியில் செய்தால் அதன் தூசி சுத்தமான கண்ணாடியில் ஏறும். வெறும் ஈரத்துணி போதும். பிறகு டேஷ்போர்டின்மேல் உலர்ந்த துவாலையை விரித்துவிடுங்கள். ஆல்கஹால் சொட்டினால் பளபளப்பான பிளாஸ்டிக்கும் தொடுதிரையின் பூச்சும் கெடலாம். முன் கண்ணாடியில் ஒட்டியுள்ள ஃபாஸ்டேக்கைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள். அதன் ஓரத்தில் ஆல்கஹால் இறங்கினால் பசை இளகும், கிழிந்த ஃபாஸ்டேக்கை வைத்துக்கொண்டு சுங்கச்சாவடியில் நிற்க நேரிடும். நடுக்கண்ணாடிக்குப் பின்னால் கேமராவோ மழை உணரியோ உள்ள கார்களில் அந்தப் பெட்டியின் மூடியைத் தொட வேண்டாம்.

இனி மூன்று சுற்றுகள்.

முதல் சுற்று, பேட்டரி தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால். இது மணல், தூசி, உப்பு இவற்றை எடுப்பதற்கு மட்டும். படலம் போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இந்தச் சுற்றைத் தவிர்த்தால் அடுத்த சுற்றில் மணலை வைத்துத் தேய்த்துக் கீறல் போடுவீர்கள்.

இரண்டாவது சுற்றுதான் உண்மையான வேலை. கலவையைக் கண்ணாடிமேல் தெளிக்காதீர்கள், துணிமேல் தெளியுங்கள். முன் கண்ணாடியை மனத்துக்குள் நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியை முழுவதும் ஈரமாக்கித் தேய்த்து, அது காய்வதற்குள் துணியின் உலர்ந்த பக்கத்தால் துடைத்து எடுங்கள். அடுத்த பகுதிக்குப் போகும்போது துணியைத் திருப்பி மடித்துப் புதுப் பக்கத்தைக் கொண்டுவாருங்கள். துணியை நான்காக மடித்தால் முன்னும் பின்னுமாக எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரே முகத்தால் முழுக் கண்ணாடியையும் துடைத்தால், முதல் அடியில் எடுத்த எண்ணெயை மற்ற மூன்று பகுதிகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறீர்கள். பலர் மூன்று மணி நேரம் துடைத்தும் கோடு போகவில்லை என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

முன் கண்ணாடியின் அடி ஓரம் எட்டாத இடம். கண்ணாடி சரிந்து டேஷ்போர்டைத் தொடும் அந்த இடுக்கில்தான் படலமும் மிகத் தடிப்பாக இருக்கும். ஸ்டியரிங் இடைஞ்சல் தராத இடது முன் இருக்கையில் உட்கார்ந்து, புறங்கை கண்ணாடியைத் தொடும்படி கையைத் திருப்பி, விரல்களின் மேல் துணியைப் போர்த்தி உள்ளே நுழையுங்கள். உள்ளங்கையால் எட்டாத இடத்துக்குப் புறங்கை போகும். வலது பாதிக்கு ஓட்டுநர் இருக்கையை முழுவதும் பின்னால் தள்ளிவிட்டு உட்காருங்கள். அப்படியும் எட்டாவிட்டால், நீண்ட கைப்பிடியும் முக்கோணத் தலையும் கொண்ட துடைப்பான்கள் கிடைக்கின்றன. தோள் வலி உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி.

மூன்றாவது சுற்று, முற்றிலும் உலர்ந்த புதுத் துணியால், அழுத்தாமல். உள்ளே குறுக்காகத் துடையுங்கள், வெளிப்புறத்தைத் துடைக்கும்போது மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பிறகு ஒரு கோடு தெரிந்தால் அது படுத்திருக்கிறதா நிற்கிறதா என்று பார்த்தாலே உள்ளா வெளியா என்று தெரிந்துவிடும். சின்ன வழக்கம்தான், ஆனால் எத்தனையோ முறை உள்ளும் வெளியுமாக இறங்கி ஏறி அலைவதைத் தவிர்த்திருக்கிறது.

பக்கக் கண்ணாடிகள் எளிது. ஒவ்வொன்றையும் இரண்டு அங்குலம் இறக்கி மேல் ஓரத்தை முதலில் துடைத்துவிட்டு, ஏற்றி மீதியைத் துடையுங்கள். மூடியபடியே துடைத்தால் ரப்பருக்குள் ஒளிந்திருக்கும் ஓரம் அப்படியே நின்று, அடுத்த முறை இறக்கும்போது பட்டையாகத் தெரியும். வலது, இடது பக்கக் கண்ணாடிகளில், வெளியே உள்ள பின்பார்வைக் கண்ணாடியைப் பார்க்கும் மூலையை இன்னொரு முறை கவனியுங்கள்.

பின் கண்ணாடியும் சன் ஃபிலிமும்

பின் கண்ணாடியில் மெல்லிய பழுப்புக் கோடுகள் ஓடினால் அவை மூட்டத்தை நீக்கும் சூடேற்றிக் கம்பிகள். உட்புற மேற்பரப்பில் அச்சிட்டவை என்பதால் எளிதில் அறுந்துவிடும். கோடுகளின் போக்கிலேயே, லேசாகத் துடையுங்கள். பிளேடும் சுரண்டியும் அங்கே கூடாது. ஒரு கோடு அறுந்தால் அந்த வரி முழுவதும் சூடேறாது.

சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் நீங்கள் துடைப்பது கண்ணாடியை அல்ல, பிளாஸ்டிக்கை. அம்மோனியா சேர்ந்த கண்ணாடித் திரவம் அதன் நிறத்தையும் பசையையும் கெடுக்கும், ஆகவே பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். ஃபிலிமுக்கு ஒரு குவளை தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு மென்மையான ஷாம்பு கலந்து துடைத்து, வெறும் பேட்டரி தண்ணீரால் மறுபடி துடைப்பதுதான் பாதுகாப்பு. புதிதாக ஒட்டியிருந்தால் ஒரு மாதம் தொடவே வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியைக் கடத்த வேண்டும். பாதி ஒளியை ஏற்கெனவே தடுக்கும் பக்கக் கண்ணாடியில் பிசுக்கும் சேர்ந்தால், இரவில் சந்தியில் திரும்பும்போது இருட்டில் நடந்து வருபவர் தெரியவே மாட்டார்.

சரியாகத் துடைத்தோமா?

இருட்டியதும் கைபேசியின் டார்ச்சை வெளியே கண்ணாடியருகே சாய்வாகப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். விளக்கைச் சுற்றி ஒளிவட்டமோ வானவில் நிறத் திட்டோ தெரியும் இடத்தில் மட்டும் இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளைத் திரும்பச் செய்யுங்கள். பல மாதங்களாகத் துடைக்காத காரில் முழுவதையும் இரண்டு தடவை செய்ய நேரும். உள்ளே பல ஆண்டுகள் புகைபிடித்த கார் என்றால் மூன்று தடவை. அது தோல்வி இல்லை, படலம் அடுக்கடுக்காக இருக்கிறது என்று பொருள்.

துணிகளை அன்றே வெந்நீரில் துவைத்துவிடுங்கள். மற்றத் துணிகளோடு போடாதீர்கள், பருத்தித் துவாலையின் பிசிறு மைக்ரோஃபைபரில் சிக்கிக்கொண்டு அடுத்த முறை கண்ணாடிக்கு வரும்.

திரும்ப வருவதைத் தாமதப்படுத்த

முற்றிலும் தடுக்க முடியாது. வெயிலில் நிற்கும் காருக்கு முன் கண்ணாடியில் வெள்ளித்தாள் மறைப்பு போட்டால் டேஷ்போர்டின் சூடு நன்றாகக் குறையும், ஆவியும் குறையும். வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது இரண்டு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். அந்தக் காற்றை அப்படியே உள்சுழற்சியில் வைத்துக் குளிரவைத்தால் ஆவியெல்லாம் கண்ணாடியில்தான் இறங்கும், உங்கள் மூச்சிலும். டேஷ்போர்டுக்குப் பாலிஷ் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மங்கிய டேஷ்போர்டு யாருக்கும் தீங்கு செய்யாது. ஏசியின் கேபின் ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன இடைவெளியில் மாற்றுங்கள், தூசி மிகுந்த சாலையில் ஓடும் காருக்கு அதற்கும் முன்பே. முகச்சவர நுரையை உட்புறத்தில் பூசினால் மூட்டம் போடாது என்ற யோசனை அடிக்கடி காதில் விழும். அதுவும் ஒரு படலம்தான், இரவில் அதுவும் ஒளியைச் சிதறடிக்கும்.

பங்குனி தொடங்கி ஆவணி வரை மாதம் ஒரு முறையும், மற்ற மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையும் துடைக்கிறேன். ஒழுங்காகச் செய்தால் இருபது நிமிட வேலை. நெடுந்தூர இரவுப் பயணத்துக்கு முந்தைய மாலை, டயரில் காற்று பார்ப்பதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிப்பு வாசனை வந்தால்

துடைத்த மூன்றாம் நாளே படலம் திரும்பி, காருக்குள் பாகு காய்ச்சுவதுபோன்ற லேசான இனிப்பு வாசனை அடித்தால் அது பிளாஸ்டிக் ஆவி இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் கோர் என்ற சிறிய ரேடியேட்டர் இருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் என்ற திரவம் சூடாக அதற்குள் ஓடுகிறது. அது கசிந்தால் கூலன்ட்டின் ஆவி ஏசி துவாரம் வழியாக வந்து முன் கண்ணாடியில் வழவழப்பாகப் படியும். காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் மங்கல் குறைவதற்குப் பதில் கூடும். முன் இருக்கைகளின் கால்மிதிக்குக் கீழே தரைவிரிப்பைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுப்பான ஈரம் இருக்கும். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு கூலன்ட் தொட்டியில் அளவு குறைந்திருக்கிறதா என்று வெளியிலிருந்தே பாருங்கள், சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

இந்த நிலையில் துடைப்பதால் பயனில்லை. கூலன்ட் தீர்ந்தால் எஞ்சின் சூடேறி வீணாகும். கூலன்ட்டில் பொதுவாக இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நச்சு, இனிப்பாக வேறு இருப்பதால் குழந்தைகளும் நாய்களும் நக்கிவிடும் ஆபத்து உண்டு. அன்றே மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஹீட்டர் கோரையும் அதன் குழாய்களையும் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சரிசெய்த பிறகு, நனைந்த தரைவிரிப்பைக் கழற்றி அலசிக் காயவைத்துவிட்டு, மூன்று சுற்றுகளையும் முதலிலிருந்து தொடங்குங்கள்.